நூறு மில்லி செகண்ட்

குடை பெட்டிக்கு... மழை அவனுக்கு!

மூடப்போன லிஃப்டுக்குள் ஓடி வந்து இடித்தவனை அவள் முதலில் பார்த்தது அப்படித்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். குடைக்குள் அணைத்திருந்த மெஷின் பெட்டியில் மட்டும் ஒரு துளிகூட இல்லை.

"கண்ணு தெரியலையா?"

"இப்பதாங்க நல்லாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு..."

அடப்பாவி, என்ன கொழுப்பு! முறைத்தாள். அந்த ஈரக் கண்களில் சிரிப்பைப் பார்த்ததும் முறைப்பு பாதியிலேயே கரைந்துவிட்டது.

மெஷினைச் சோதிக்க ஒப்பந்தத்தில் வந்தவன் அவன். அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதியவள் அவள். அதில் கெர்னல் த்ரெட் என்ற ஒரு குட்டி நிரல் கணினியின் மையத்தில் ஓயாமல் ஓடி, மெஷின் தரும் எண்களை மெமரியில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தும்போது மட்டும், எப்போதாவது ஒரு முறை, கணினியே செத்துவிழுந்தது.

இரண்டு வாரம் கழித்து மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார். "யார் மேல தப்பு?"

"மெஷினை மழையில நனைச்சுக் கொண்டுவந்தா வேற என்ன சார் ஆகும்?"

அவள் வாய்தான் சொன்னது. அவன் நிமிர்ந்து பார்த்தான்... ஒரு வார்த்தை பேசவில்லை. நாளையோடு அவன் வேலை முடிந்தது என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை தன் நிரலை வரிவரியாகப் பார்த்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். த்ரெட்டிடம் 'நில்' என்கிறாள். நின்றுவிட்டதா என்று கேட்கவே இல்லை! நூறு மில்லி செகண்ட் சும்மா இருந்துவிட்டு மெமரியைப் பிடுங்கிவிடுகிறாள். அதற்குள் த்ரெட் நிற்காவிட்டால், இல்லாத இடத்தில் எழுதி எல்லாவற்றையும் சாய்த்துவிடும். 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று அவளே போட்டு, அவளே மறந்த வரி.

சீ! கத்துக்குட்டிகூட செய்யமாட்டானே... அதைவிட, பெட்டி நனையாததைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படி அப்படிச் சொன்னேன்? கூசிப்போனாள். 'சத்தமில்லாம சரிபண்ணிடுடி, யாருக்குத் தெரியப்போகுது?' என்றது மனசு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

எழுந்து அங்கே போனாள். மேனேஜர் உட்பட எல்லோரும் இருந்தார்கள்.

"சார், தப்பு என்னோடது. மெஷின் நனையவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

தலை குனிந்தபடியே நிரலைத் திருத்தினாள். த்ரெட்டை நிற்கச் சொல்லி, அது தூங்கினால் எழுப்பி, முழுசாக முடிந்த பிறகே மெமரியை விடுவித்தாள். ஐந்நூறு முறை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு முறைகூடச் சாகவில்லை. மேனேஜர் அவனைத் தொடரச் சொல்லிவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்துப் போனார்.

"உங்க முகத்தைப் பாக்கவே எனக்கு அருகதை இல்ல..." என்றாள், எல்லோரும் போனதும்.

"அந்த நூறு மில்லி செகண்ட்தானே? நேத்து காலையிலயே கணினியோட லாக் பதிவுல பாத்துட்டேன்."

திடுக்கிட்டாள். "அப்ப ஏன் மீட்டிங்ல சொல்லல?"

"அத்தனை பேர் முன்னாடி உங்க தலை குனியறதைப் பாக்க மனசு வரல. போனப்புறம் உங்களுக்கு மட்டும் எழுதலாம்னு..."

"வேலை போயிருக்குமே! பைத்தியமா உங்களுக்கு?"

"ரெண்டு வாரமாத்தான்..."

அவமானத்தில் கண் நிறைந்து வழிந்தது. நேற்று இவனையா காட்டிக்கொடுத்தேன்...

"இனிமே எனக்காக வாயை மூடிட்டு இருக்காதீங்க. நான் தப்புப் பண்ணா மூஞ்சிக்கு நேரா திட்டுங்க. தினமும்."

"தினமுமா? அதுக்கு நான் கூடவே இல்ல இருக்கணும்?"

"ஆமா..." குரல் உள்ளே போனது. "கேக்கவே வெக்கமாத்தான் இருக்கு. இருங்களேன்..."