ஏழு தாள் கடிதமும் நாற்பது தோல்பைத் தண்ணீரும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: சிஜில்மாசா நகரத்துப் பெருவணிகரும், அறிவுக்கடலும், பாலைவனம் இதுவரை கண்டிராத துணிச்சல்காரருமான அபுல் ஃபரஜ் அவர்கள், மாலி நாட்டில் தங்கம் கிழங்காக விளையும் இடத்தைக் கண்டுபிடிக்கவும், அந்நாட்டு மன்னருக்குத் தொழக் கற்றுக்கொடுக்கவும் புறப்பட்டுவிட்டார்!

அறிவிப்பை எழுதியவரும் அவரே.

நாற்பதாம் நாள், சகாராவின் கடைசிக் கிணற்றருகே அறிவுக்கடல் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மாலியின் எல்லை ஊரான வலாத்தாவுக்குப் பத்து நாள் பயணம். சுமக்க முடிந்ததோ எட்டு நாள் தண்ணீர். ஆகவே வழக்கம் என்னவென்றால், ஒரு தூதன் கடிதத்தோடு தனியாக முன்னால் விரைவான். அதைப் படித்துவிட்டு வலாத்தாக்காரர்கள் தண்ணீரோடு எதிரே வருவார்கள். தூதன் செத்தால் பின்னால் வரும் வணிகக் கூட்டமும் செத்தது.

இந்தமுறை தூதன் யிதிர். கூட்டத்துக்குச் சமைத்துப்போடும் ஸஹ்ரா அவன் மனைவி.

“எசமான், தண்ணியப் பத்தி எழுதிட்டீங்கல்ல?”

“ஒட்டகம் ஓட்டுறவன் எனக்கு எழுதச் சொல்லித்தர்றியா? போடா!”

ஏழு தாள். மேலே முத்திரை வேறு. யிதிருக்குப் படிக்கத் தெரியாது. சந்தேகப்படத் தெரியும்.

ஸஹ்ரா அவனை ஓரமாக இழுத்தாள். “தண்ணி வேணும்னு சொல்ல ரெண்டு நாளாவா எழுதுவாங்க? எனக்கென்னமோ சரியாப் படல.”

“எனக்கும்தான்.”

“ஒழுங்காப் போய்ச் சேரு. நீ செத்தா வேற ஒருத்தனக் கட்டிக்கலாம்னு பார்த்தா, அதுக்கு நான் உயிரோட இருக்கணுமே!”

ஒட்டகம் பறந்தது! மூன்றாம் நாள் உச்சி வெயிலில், இடப்பக்க மணல்மேட்டிலிருந்து ஒரு குரல்: “யிதிர்! இங்க வா! கிணறு இருக்கு, தண்ணி இருக்கு!”

அச்சு அசல் ஸஹ்ராவின் குரல். தனியாகப் போகும் தூதனைப் பாலைவனப் பேய்கள் இப்படித்தான் வழிமாற்றும் என்பார்கள். யிதிர் திரும்பவே இல்லை. “நீயே குடிச்சுக்கோ!” என்று கத்திவிட்டுத் தலைப்பாகைத் துணியைக் காதில் திணித்துக்கொண்டான். பேயைவிட இடுப்பில் இருந்த கடிதத்தின் மேல்தான் அவனுக்குச் சந்தேகம். பேய்கூடத் தண்ணீர் என்ற சொல்லை மறக்கவில்லையே!

ஐந்தாம் நாள் காலை ஒட்டகம் விழுந்து செத்தது. மிச்ச தூரத்தை ஓடியே கடந்து, நாக்கு தள்ள, வலாத்தாவில் பின்தாவின் வாசலில் விழுந்தான். அந்த ஊரில் தண்ணீர் ஒட்டகங்களெல்லாம் பின்தா என்ற அந்த அம்மாளுடையவை.

அவள் முத்திரையை உடைத்தாள். ஏழு தாளையும் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“‘ஞானச் சூரியன்’னு நாலு தாள். வாசல்ல மேளக்காரங்களை நிறுத்தணுமாம். எங்க மன்னருக்குத் தொழச் சொல்லித் தரப்போறாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலருந்து தொழுதுகிட்டிருக்கோம்! தண்ணின்னு எங்கயுமே இல்லையே, தம்பி.”

யிதிர் கையூன்றி எழுந்தான். “அம்மா, நான் சொல்றேன், தண்ணி வேணும்!”

“போன வருஷமும் ஒருத்தன் இப்படித்தான் வந்து சொன்னான். நம்பி அனுப்பினோம். மணல்மேட்டுக்குப் பின்னால கொள்ளைக்காரங்க. இருபது ஒட்டகம் போச்சு.”

“என்னைக் கட்டிப்போடுங்க! பொய்யின்னா தலைய எடுங்க! என் பொண்டாட்டி அங்க இருக்கா!”

“அவனும் இதையேதான் சொன்னான்.”

பின்தா அவனை உற்றுப் பார்த்தாள். மறுபடி கடிதத்தைப் பார்த்தாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அட, திருடன்னா ‘தண்ணி அனுப்புங்க’ன்னு சுருக்கமா, அழகா எழுதியிருப்பான். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைப் பொய்யா எழுத யாராலயும் முடியாது. ஏத்துங்கடா தண்ணிய! நாற்பது பை!”

ஒன்பதாம் நாள் முற்பகலில், தண்ணீர் தீர்ந்துபோன கூட்டத்தைக் கண்டார்கள். ஒட்டகங்களின் நிழலில் முப்பது பேர் சுருண்டு கிடந்தார்கள். உதடு வெடித்திருந்த ஸஹ்ரா ஒரு பையைப் பறித்துக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்: “வர்ற நேரமா இது?” பிறகு அவன் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

எல்லோரும் பிழைத்தார்கள்.

அபுல் ஃபரஜ் ஒரு பை முழுவதையும் குடித்தார், தாடியைத் துடைத்தார், விற்கக் கொண்டுவந்த உப்புப்பாளம் ஒன்றின் மேல் ஏறி நின்றார்.

“பார்த்தீர்களா! நீங்கள் உயிரோடிருப்பது என் எழுத்தின் வலிமையால்தான்!”

யிதிர் மறுத்துப் பேச வாயைத் திறந்தான். யோசித்தான். மூடிக்கொண்டான்.

அவர் சொன்னது உண்மை.