தங்க உறைக்கு அடியில்

வலி நின்றுபோனதுதான் புஷ்பவல்லிக்குப் பயத்தைக் கிளப்பியது. கடைவாய்ப் பல்லில் கிராம்பை இடுக்கிக்கொண்டு இரவெல்லாம் புரண்டவள். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருச் சீனப் பல்காரன் அந்தப் பல்லுக்குத் தங்க உறை மாட்டிய இரண்டொரு நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வலி ஓடிவிட்டது.

பிடுங்கித் தொலைக்கத்தான் கேட்டாள். ஏழாம் மாதம், வளைகாப்புக்கு முன்னால் ரத்தம் காணக்கூடாது என்று புருஷன் கன்னையா ஒரே பிடியாக நின்றான். ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். பெண்டாட்டி சிரித்தால் ரயில்வே குவாட்டர்ஸே திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. நல்ல ஆசைதான், பாவம்.

மழை பெய்த ஒரு மதியம், தகரக் கூரையின் இரைச்சலும் நிலக்கரிப் புகையின் நெடியும் வீட்டை நிறைத்திருக்க, கன்னத்தைத் தலையணையில் அழுத்திப் படுத்தவளுக்கு, தாடைக்குள் எங்கோ ஆழத்தில், ஈர மரத்தைப் பூச்சி அரிப்பதுபோல் மெல்லிய ஓசை கேட்டது. நாக்கின் ஓரத்தில் அழுகிய முட்டையின் ருசி கசிந்தது. பயந்துபோய், குடையை எடுத்துக்கொண்டு ரயில்வே டிஸ்பென்சரிக்கு நடந்தாள்.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் ராதாகிருஷ்ணன் உறையைத் தட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பல்லு கெட்டியா இருக்குன்னு நினைக்கிறோம் தங்கச்சி. வேரு முழுக்க மயிரை விட மெலிசான குழாய், ஆயிரக்கணக்குல. கிருமி ஒண்ணு பின்னாடி ஒண்ணா அதுக்குள்ள நுழைஞ்சிரும். மேல தங்கத்தைப் போட்டு மூடினா, அது உள்ளுக்குள்ளயே பெருகி, வேரைத் தாண்டி எறங்கும்."

"வலி இல்லையே அண்ணே."

"நரம்பு செத்துப்போச்சு, அதான். பெரிய ஆஸ்பத்திரியில இன்னைக்கே பிடுங்கிரு. தொண்டைக்கு எறங்கிச்சுன்னா மூச்சு விட முடியாது. வயித்துல பிள்ளை வேற."

அன்று மாலை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி, கன்னையாவின் காலைப் பிடிக்காத குறை.

"வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடியட்டும் புள்ளே. மறுநாள் நானே கூட்டிட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது முகவாய்க்கு அடியில் கல்போல வீக்கம். வாய் விரலளவுதான் திறந்தது. "மாசமா இருந்தா மூஞ்சி உப்பத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு, விருந்துக்குக் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனான் கன்னையா. திரும்பியவன் ஆண்களோடு வெளியில் அமர்ந்துகொண்டான்.

சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். மல்லிகையும் ஊதுபத்தியும் புழுக்கமும் சேர்ந்து நெஞ்சை அடைத்தன. அவள் வீக்கத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அண்டைவீட்டு இராஜம்மா சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் கை நிறையச் சந்தனத்தை அப்பினாள். இப்போது வீக்கமே தெரியவில்லை.

நாக்கு மேலே எழும்பியது. அடியிலிருந்து யாரோ தள்ளுவதுபோல. எச்சில் விழுங்க முடியவில்லை. பல்லெல்லாம் இறுகிப்போயின.

"வாயைத் தொற லா," என்றாள் இராஜம்மா, புளிச்சோற்றை உதட்டில் அழுத்தி. "வெக்கத்தைப் பாரு."

வெட்கம் இல்லை அக்கா. சொல்ல நினைத்தாள். குரல் வரவில்லை. சோறு மடியில் உதிர்ந்தது. பல்லிடுக்கில் சூடாக ஏதோ வழிந்தது. சீழ். அரிக்கிற ஓசை காது வரை வந்துவிட்டது.

மூச்சு. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிறகு இல்லை.

உள்ளே பிள்ளை உதைத்தது. விடாமல் உதைத்தது. அதற்கும் காற்று வேண்டும். எழப் பார்த்தாள். தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். இரண்டு கைகளையும் தூக்கி வெறியோடு உதறினாள். முழங்கை வரை அடுக்கிய கண்ணாடி வளையல்கள் கலகலவென்று குலுங்கின.

"அப்படித்தான்," என்றாள், வளைகாப்புப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த வள்ளியம்மா, பூரிப்போடு. "நல்லாக் குலுக்கு. பிள்ளைக்குக் கேக்கட்டும்."

அவள் குலுக்கினாள். உதடு நீலம் பாய, கண் பிதுங்க, குலுக்கிக்கொண்டே இருந்தாள். பெண்கள் சுற்றி நின்று கைதட்ட, வள்ளியம்மா அடுத்த பாட்டை எடுத்தாள்.