நவம்பருக்குப் பதினொன்று

அக்டோபர் இருபத்தோராம் தேதி காலை ஏழு மணிக்கு அவள் பின்புறத் தோட்டத்துக் கம்பத்தின் மேலிருந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இருந்த இரண்டு வெப்பமானிகளும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒன்று முந்தைய பகலின் உச்சத்தில் நின்றுவிடும். மற்றது இரவின் அடிமட்டத்தில் நின்றுவிடும். இருபத்திரண்டு வருடமாக அவை ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. பகல் என்று ஒன்றும் இரவு என்று ஒன்றும் இருக்கிறவரை ஒத்துப்போகவும் முடியாது.

இரண்டிலும் முப்பத்தேழு.

அவள் புறங்கையைக் காற்றில் நீட்டிப் பார்த்தாள். பதினேழு, மிஞ்சினால் பதினெட்டு. அக்டோபருக்கு அதுவே அதிகம்தான். மரங்கள் பழக்கதோஷத்தில் இலையை உதிர்த்துவிட்டு, குளிர் எங்கே என்று தெரியாமல் மொட்டையாக நின்றன. ஆனால் முப்பத்தேழு? காய்ச்சலில்லாத மனித உடம்புக்கு இருக்கவேண்டிய சூடு அது. பெட்டியின் சாய்வுப் பலகைகளின் உட்புறம் ஈரமாக, யாரோ கண்ணாடியில் ஊதியதுபோல மங்கியிருந்தது. உள்ளேயிருந்து, நாள்பட்ட நோயாளியின் போர்வையை உதறினால் வருமே, அந்த வாடை வந்தது.

"பெட்டிக்கு ஜுரம் கண்டிருக்கும்," என்றார் புருஷன், சமையலறை ஜன்னல் வழியாக. முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எதையும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்வார். "ஒரு மாத்திரை போட்டுப் பாரேன்."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

பெட்டியிலிருந்த இரண்டையும் எடுத்துவிட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த மாற்று ஜோடியைப் பொருத்தினாள். மறுநாள் காலை அவையும் முப்பத்தேழில் நின்றன.

தெருவில் அவளுக்குப் 'பாதரசம்' என்று பெயர். பிழைப்புக்குக் குளிர்காலக் கோட்டுகளைப் பிரித்துத் தைத்து அளவு சரிசெய்து கொடுப்பாள்; மனசுக்கு வெப்பநிலை எழுதுவாள். மாதக் கடைசி நாள் மாலை ஆறு மணிக்குள் அடுத்த மாதத்தின் சராசரி எவ்வளவு இருக்கும் என்று மூன்று பேர் ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள்: அவள், நாலு வீடு தள்ளியிருந்த அறிவியல் டீச்சர், முனையில் மீன்கடை வைத்திருந்தவர். அதிகம் தவறியவர் மற்ற இருவருக்கும் டீ வாங்கிக் கொடுக்கவேண்டும். அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. இருபத்திரண்டு வருடத்துச் சராசரியை எடுத்துக்கொள்வாள். போன மாதம் எவ்வளவு கூடியதோ குறைந்ததோ, அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்ப்பாள். காற்று வடக்கிலிருந்தா மேற்கிலிருந்தா என்று பார்த்து ஒரு சிட்டிகை கூட்டுவாள் அல்லது குறைப்பாள். டீ வாங்கிக் கொடுத்தது இரண்டே தடவை. இந்த அக்டோபரில் மூன்று பேருமே மண்ணைக் கவ்வியிருந்தார்கள்.

வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். பதினாலு வீட்டுக்கும் பின்புறம் ஒரே நீளச் சுவர். வடக்குப் பார்த்த சுவர், வெயிலே படாது. அந்தச் சுவரை ஒட்டிய அறையில்தான் அவளுடைய தையல் இயந்திரமும் கோட்டுகளும். யாருக்கும் குளிரவில்லை என்பதால் யாரும் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்க வரவில்லை. நாற்பது கோட்டுகள் கம்பியில் தொங்கின.

இருபத்துநாலாம் தேதி பிற்பகல், ஒரு சாம்பல் கோட்டின் கைக்குள் லைனிங்கைச் சரிபார்க்கத் தன் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்ளே சூடு. இப்போதுதான் ஒருவர் கையை உருவிக்கொண்டு போனதுபோன்ற சூடு. அடுத்த கோட்டிலும். அதற்கடுத்ததிலும். நாற்பதையும் தொட்டுப் பார்த்தாள். கடைசிக் கோட்டின் அக்குள் பக்கம் லேசாக வியர்த்திருந்தது.

திரும்பினாள். புருஷன் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, முதுகையும் பின்தலையையும் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"இதமா இருக்கும்மா." கண்ணைத் திறக்கவில்லை. "நீயும் வந்து சாஞ்சு பாரு. முதுகுவலியே போயிடுச்சு."

சுவரைத் தொட்டாள். சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. எதையும் தொட்டதுபோலவே இல்லை. தன் கையைத் தன் கையே தொட்டால் எப்படியோ, அப்படி.

"எழுந்திருங்க."

"ஏன்?"

கையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டாள். அவர் சிரித்தார். மறுநாள் மதியம் மறுபடி அங்கேதான் இருந்தார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கேட்டார். நகைச்சுவை குறைந்துகொண்டே வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் தூக்கத்திலிருந்து வருகிற பதில். குழாய்த் தண்ணீரும் அப்படித்தான் ஆகியிருந்தது. முகம் கழுவினால் தண்ணீர் பட்டதா இல்லையா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கதவுப் பிடி, கத்தரிக்கோல், மாடிப்படிக் கம்பி, எதிலும் இரும்பின் சில்லிப்பு இல்லை. அவள் ஒவ்வொரு காலையும் போய்ப் பெட்டியைத் திறந்து, முப்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் 'நம்பவில்லை' என்று எழுதிவைத்தாள்.

முப்பத்தோராம் தேதி மதியம் இரண்டு மணிக்கு டீச்சர் போன் செய்தாள்.

"அக்கா, நவம்பருக்கு நான் முப்பத்தேழு போட்டிருக்கேன். நீங்களும் அதையே போட்டுடுங்க."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நவம்பருக்குப் பத்தே அதிகம்."

"பெட்டியில என்னக்கா காட்டுது?"

"பெட்டியில ஆயிரம் காட்டும். வெளியில வந்து நின்னு பாரு. காத்துல பதினெட்டுகூட இல்ல."

"நான் வெளியில போறதில்லக்கா." குரல் மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வந்தது. அந்த இடைவெளிகளில் மூச்சுச் சத்தம் கேட்டது. டீச்சருடைய மூச்சு ஒன்று. அதற்கு அடியில், அதைவிட மிக மெதுவாக, ஒரு பெரிய மூச்சு. "எதிர்த்து என்னக்கா ஆகப்போகுது? எண் ஒண்ணாயிட்டா எல்லாம் ஒண்ணாயிடும். எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா? உங்க வீட்டுக்காரர்கூட..."

"என் வீட்டுக்காரர் என்ன?"

அந்தப் பெரிய மூச்சு மட்டும் உள்ளே போனது. வெளியே வந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம் மழையில், பனியில், ஒரு தடவை மாமனார் இறந்த மறுநாள் காலையில்கூடத் தவறாமல் போய் எழுதியவள் அவள். எந்த எண்ணைப் போடவேண்டும் என்று ஒரு சுவர் சொல்லிக் கேட்பதா?

"என் எண்ணை எழுதிக்கோ," என்றாள் போனில். "பதினொண்ணு புள்ளி ரெண்டு. கேக்குதா? பதினொண்ணு புள்ளி ரெண்டு!"

போனை வைத்துவிட்டு, அரை நிமிடம் மூச்சு வாங்க ஒரு சாய்மானம் தேடினாள். எதில் சாய்கிறோம் என்று யோசிக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கடிகாரம் மூன்றரை.

நின்றபடியே தூங்கியிருந்தாள். பயமில்லை. வலியில்லை. இத்தனை சுகமாக அவள் வாழ்நாளில் இருந்ததில்லை. முதுகு எங்கே முடிகிறது என்று மட்டும் தெரியவில்லை. இரண்டு தோள்பட்டைகளும் பக்கவாட்டில் விரிந்து, பதினாலு வீட்டு நீளத்துக்குப் போயிருந்தன. அந்த நீளத்தில் எங்கெங்கோ ஆட்கள் சாய்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருடைய கனமும் அவள் முதுகில் தெரிந்தது.

ஒருத்தர் இருமினார். அது அவளுக்குள் அதிர்ந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் விழுந்தாள். பெரிய பிளாஸ்திரியைப் பிய்த்ததுபோல ஒரு சத்தம். முதுகில் தீ. சட்டையின் பின்பக்கம் காணவில்லை. சுவரில் அவள் தோளகலத்துக்கு ஓர் இளஞ்சிவப்புத் தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து மறைந்தது.

"என்னங்க!"

அவர் நாற்காலியில்தான் இருந்தார். நாற்காலியின் முன்கால்கள் தரையில் படவில்லை.

தோளுக்கும் சுவருக்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தாள். இடுக்கு இல்லை. சட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். சட்டையின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிச் சுண்ணாம்பாகியிருந்தது. காது ஒன்று பாதிதான் வெளியே இருந்தது. முகத்தில் சிரிப்பு. அவர் நெஞ்சு அசையவில்லை. சுவர் அசைந்தது. உள்ளே போய், வெளியே வந்தது.

கையைப் பிடித்து இழுத்தாள். சுவரும் கூடவே வந்தது, அரை அங்குலம். விட்டதும் திரும்பப் போனது.

அழவில்லை. ஒரு கோட்டை எடுத்துக் கிழிந்த முதுகின் மேல் போட்டுக்கொண்டாள். அதுவும் சூடாக இருந்தது. வீசி எறிந்துவிட்டு, அப்படியே தெருவுக்கு ஓடினாள். பிற்பகல் வெயில் சாய்ந்து தெரு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. ஆளில்லை. ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

தெருமுனையில் மீன்கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் ஐஸ் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் முதுகைப் பார்த்ததும் கிளறுவதை நிறுத்தினார்.

"என்னம்மா இது?"

"ஐஸ் வேணும். பார் பாரா வேணும்."

தள்ளுவண்டியில் கோணியை விரித்து இரண்டு பாளங்களை ஏற்றினார். "நாலு நாளா ஒருத்தரும் மீன் வாங்கல. காலையில பால்காரரும் வரல. எனக்கு மட்டும் ஒண்ணும் புரியல. கை மரத்துப்போய் வருஷக்கணக்காச்சு, சூடு தெரியறதில்ல." பிறகு, தயங்கி, "நவம்பருக்கு என்ன போட்ட?"

"பதினொண்ணு புள்ளி ரெண்டு."

"நான் பன்னெண்டு. டீ நீதான் வாங்கணும் பாரு." வண்டியின் பிடியை அவள் பக்கம் திருப்பினார். "நானும் வரட்டுமா?"

"வேணாம். நீங்க இங்கயே இருங்க, ஐஸை விட்டு நகராதீங்க. இன்னும் ரெண்டு பார் எடுத்து வைங்க. நான் வருவேன்."

வண்டியை வாசல்படி மேல் ஏற்றி, உள்ளே தள்ளினாள். வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதுவரை இருந்த சத்தம் நின்றதால்தான் அது சத்தமென்றே அவளுக்குத் தெரிந்தது. தரை காலுக்கடியில் இளகியிருந்தது. சக்கரங்கள் அமிழ்ந்தன. அமிழட்டும். ஒரு பாளத்தைக் கோணியோடு தூக்கி நெஞ்சில் அணைத்தாள். பத்து நாளில் முதல் குளிர். அது வலித்தது. வலியில், தன் கை தன் கை என்று தெரிந்தது.

புருஷனின் தோளுக்கு ஒரு சாண் மேலே, சுவரில், பாளத்தை வைத்து அழுத்தினாள்.

சுவருக்குப் புல்லரித்தது.

பாளத்தைச் சுற்றி முதலில். சிறுசிறு புள்ளிகள், கடுகளவு. பிறகு அலைபோல விரிந்து, தரைக்கு, கூரைக்கு, இரண்டு பக்க மூலைக்கும். சுண்ணாம்புக்கு அடியில் எதுவோ சுருங்கி இழுத்தது. கம்பியில் நாற்பது கோட்டுகளும் தோளைக் குறுக்கிக்கொண்டன.

அதே நொடியில் அவள் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஐஸ் பாளம் ஒன்று வந்து அழுந்தியது.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

புரிந்தது. சுவரை விட்டு அவள் இன்னும் முழுக்கப் பிரிந்திருக்கவில்லை.

கையை எடுக்கவில்லை.

"குளிருது," என்றார் புருஷன். கண் திறந்திருந்தது. முகம் அழுகிற குழந்தைபோலக் கோணியது. "குளிருதும்மா, எடுத்துடு."

"குளிருது," என்றது பக்கத்து வீட்டுச் சுவருக்குள் ஒரு குரல். அதற்கடுத்த வீட்டில் ஒன்று. ஒரு கிழவர். ஒரு குழந்தை. நாலாவது வீட்டிலிருந்து டீச்சர், "அக்கா, குளிருதுக்கா, எடுத்துடுங்கக்கா." வரிசை முழுக்க, கடைசி வீடுவரை, ஒரே சொல், ஒரே மூச்சில்.

அவள் வாயும் திறந்தது. அவள் திறக்கவில்லை. நாக்கு தானாக மேலெழுந்து அந்தச் சொல்லுக்காக வளைந்தது.

பற்களால் நாக்கைக் கடித்துப் பிடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. அது மட்டும் சூடாக, அவளுடையதாக இருந்தது. வலது கையால் பாளத்தை இன்னும் அழுத்திக்கொண்டு, காலால் வண்டியை இழுத்து, இடது கையால் இரண்டாவது பாளத்தின் மேலிருந்த கோணியை விலக்கினாள். எதிரே சுவர் முழுவதும் சிலிர்த்து, அவருடைய தோள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கு அடியில், ஒவ்வொன்றாகக் கண்கள் திறந்துகொண்டிருந்தன.