பாப்பா, நில்லு

வாசுகி பாலோ ஊருக்கு வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. பள்ளி மண்டபத்தின் வாசலை ஒட்டிக் காரை நிறுத்தி, ஒரு தர்பூசணியையும் மூட்டை நிறைய ஹெல்மட்டுகளையும் இறக்கினாள். சாலைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போகிற ஊரிலெல்லாம் தர்பூசணிதான் அவளுக்குத் துணை. ஹெல்மட்டுக்குள் வைத்துப் போட்டால் பிழைக்கும். வெறுமனே போட்டால் சிதறும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ரீத்தா டீச்சர் குடையோடு ஓடிவந்தார்.

"நல்லவேளை வந்துட்டீங்க மேடம். எங்க பிள்ளைங்களுக்கு இந்த கிளாஸ் கண்டிப்பா வேணும்." குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் ஒரு பொண்ணு போயிட்டா. இ-ஸ்கூட்டர்ல. ஹெல்மட் போட்டிருந்தா, ஆனா வார மாட்டல. விழுந்ததும் அது ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்."

"வீட்டுல யாரும் பாக்கலையா?"

"அம்மா பாத்தாங்களாம். வார் தொங்குறது தெரிஞ்சிருக்கு. கிளம்புற பிள்ளைய பின்னால கூப்பிட்டா ஆகாதுன்னு வாய மூடிக்கிட்டாங்களாம். அதச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாங்க."

வாசுகி பைக்குள் போனைத் தேடினாள்.

இன்று மத்தியானம் ஸ்கூடாயில் உள்ள வீட்டிலிருந்து, அவள் மகள் ஷர்மினி இ-ஸ்கூட்டரில் ட்யூஷனுக்குக் கிளம்பினாள். தாமான் குடியிருப்புக்குள்ளேயே ஓட்ட வேண்டும், பெரிய சாலைப் பக்கம் போகவே கூடாது என்பது வீட்டுச் சட்டம். கேட்டைத் தாண்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஊதா ஹெல்மட்டின் வார் கன்னத்தோரம் தொங்கிக்கொண்டிருந்தது. 'பாப்பா' என்று வாயெடுத்தவள், அதே சாத்திரத்தை நினைத்து அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள்.

ஊருக்கெல்லாம் பாடம் சொல்பவள்.

மகளைப் போனில் அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போனைப் பைக்குள் வைத்திருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளைகள் கலகலப்பாகத்தான் இருந்தார்கள்.

"டீச்சர், டெம்பிக்காய் உடைஞ்சா சாப்பிடலாமா?" ஒரு பையன் தர்பூசணியைக் காட்டினான்.

"மொதல்ல உன் தல உடையாம பாத்துக்கோ."

"அவன் தல உடைஞ்சாலும் ஒண்ணும் சிந்தாது டீச்சர், உள்ள காலி லா!"

மண்டபமே சிரித்தது. வாசுகியும் சிரிக்கப் பார்த்தாள்.

"சரி, ஒரு ஸ்கூட்டர்ல எத்தன பேரு?"

"ஒருத்தர்தான்!"

"பின்னால கூட்டாளி?"

"ஏத்தக்கூடாது!"

அப்போது மின்சாரம் போனது. சன்னல்களுக்கு வெளியே செம்பனை மரங்கள் மழையில் கறுத்து நின்றன. பிள்ளைகளின் கால்களில் நனைந்த சப்பாத்துகளின் வாடையும், சற்று முன் போட்டு உடைத்த பழத்தின் தித்திப்பு வாசனையும் கலந்து குமட்டின.

"பயப்படாதீங்க. எல்லாரும் ஹெல்மட்ட போட்டு வார மாட்டுங்க. டக்குனு சத்தம் கேக்கணும்."

டக். டக். டக்டக்.

கடைசி வரிசையில் மட்டும் சத்தம் வரவில்லை.

அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊதா ஹெல்மட். வார் தொங்கியது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கடைசில இருக்கிற தங்கச்சி, வார மாட்டும்மா."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ரீத்தா டீச்சர் அவள் கையைப் பற்றினார். "மேடம்... அங்க யாரும் இல்லையே."

வாசுகி மறுபடி ஷர்மினியை அழைத்தாள். எடுக்கவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கும் கணவன் கமலநாதனை அழைத்தாள். அவனும் எடுக்கவில்லை. ட்யூஷன் விடும் நேரம். பறந்து போனாலும் இங்கிருந்து ஸ்கூடாய்க்கு எந்நேரம் போய்ச் சேர்வது?

அந்தப் பெண் எழுந்தாள். முதுகைக் காட்டியபடி வாசலை நோக்கி நடந்தாள். வாசலுக்கு அப்பால் மழை. மழைக்கு அப்பால் சாலை.

ஷர்மினியின் அதே நடை. அதே முதுகு.

கிளம்புகிறவளைப் பின்னால் கூப்பிடக் கூடாது.

"பாப்பா!" வாசுகி அலறினாள். "பாப்பா, நில்லு!"

அவள் நின்றாள்.

திரும்பவில்லை. இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்து தாடைக்கடியில் போயின.

டக்.

வாசலில் யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில் தண்ணீர் மட்டும் தேங்கிக் கிடந்தது.

"செத்துப்போன பொண்ணு..." வாசுகி ரீத்தா டீச்சரின் பக்கம் திரும்பினாள். "பேரு என்ன டீச்சர்?"

"ஐலீன்." ரீத்தா டீச்சர் மெதுவாகச் சொன்னார். "ஆனா வீட்டுல... பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க."

போன் அதிர்ந்தது. கமலநாதன்.

"என்ன வாசு, இத்தன தடவ அடிச்சிருக்க? தூங்கிட்டேன் லா."

"பாப்பா எங்க? சொல்லுங்க, பாப்பா எங்க?"

"இப்பதான் வந்தா. ட்யூஷன் விட்டு வர்றப்ப, தாமான் முனையில நீ பின்னாலேருந்து 'பாப்பா, நில்லு'ன்னு கத்துன மாதிரி கேட்டுச்சாம். பிரேக் போட்டிருக்கா. மூக்குக்கு முன்னாடி லாரி போச்சாம். ஒண்ணும் ஆகல, அழாத."

வாசுகி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சாத்திரமாவது, மண்ணாவது. இன்னும் நூறு தடவை கூப்பிடுவாள்.

"ஆனா ஒண்ணு," கமலநாதன் சிரித்தான். "ஊருக்கே சட்டம் சொல்ற. உன் மக பின்னால ஒருத்திய ஏத்திக்கிட்டு வந்திருக்கா."

"யார?"

"யாரோ கூட்டாளி. இங்க ஒரு சொட்டு மழை இல்ல, அவ தொப்பலா நனைஞ்சிருக்கா. ஹெல்மட்டக்கூட கழட்டாம ரூமுக்குள்ள போயிட்டா."

பக்கத்தில் ஷர்மினியின் குரல் கேட்டது. "எந்தக் கூட்டாளிப்பா? நான் தனியாதானே வந்தேன்?"

"ஐயோ, நம்ம பாப்பாவ வெளிய கூட்டிட்டுப் போங்க! வீட்டுக்குள்ள நிக்காதீங்க!"

"என்னாச்சு உனக்கு? சரி, இரு." கமலநாதன் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக் கூப்பிட்டான். "பாப்பா, இங்க வா!"

"என்னப்பா?"

இரண்டு குரல்கள் ஒன்றாகப் பதில் சொல்லின.