அம்மாவின் பூட்ஸ் எங்கே?

அம்மாவின் பூட்ஸைக் காணோம்.

"வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டேன்," என்றாள் அம்மா. ஒன்பது மணிக்கு அருவிப் பூங்காவுக்கு ஒரு பள்ளிக்கூடமே வருகிறது. பிள்ளைகளுக்கு அருவி உண்டான கதையைச் சொல்வது அம்மாவின் வேலை. பூட்ஸ் போடாமல் அந்த வழுக்குப் பாறையில் யாரும் வேலை செய்யக் கூடாது.

அக்கா குருவி தம்பியைப் பார்த்தாள். சுண்டு சத்தமே இல்லாமல் பால் குடித்துக்கொண்டிருந்தான். மற்ற நாளில் ஒரு டம்ளர் பாலுக்கு ஊரையே கூட்டுகிறவன் அவன். அவனை மெல்லச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எங்கடா ஒளிச்சு வச்சே?"

"அழுக்குத்துணிக் கூடையில."

"ஏன்டா?"

சுண்டுவின் உதடு துடித்தது. "நேத்து அம்மா ரொட்டி மேல பிஸ்கட்டை வச்சுக் காட்டினாங்கள்ல? தண்ணி ஊத்தினதும் ரொட்டி கரைஞ்சு, பிஸ்கட்டு பொத்துனு விழுந்துச்சு. அருவியும் அப்படித்தானாம். மேல கெட்டிப் பாறை, கீழ மெத்துப் பாறை. அம்மா அதுக்குக் கீழதான நிக்கிறாங்க?"

குருவி அவன் தலையைத் தடவினாள். இத்தனூண்டு பையன் இவ்வளவு பெரிய பயத்தை நேற்றிலிருந்து தனியாகச் சுமந்திருக்கிறானே!

அவள் ஒரு தட்டில் ரொட்டித் துண்டை வைத்தாள். அதன் மேல் பிஸ்கட்டைக் கூரைபோல் நீட்டி வைத்தாள். ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இந்தப் பொத்தான்தான் அம்மா. எங்க நிப்பாங்க?"

சுண்டு பிஸ்கட்டுக்கு நேர் கீழே வைத்தான்.

"அங்கதான் தப்பு பண்றே. அங்க யாரையும் விட மாட்டாங்க, கயிறு கட்டியிருக்கு. முன்னாடி விழுந்த பாறையெல்லாம் அந்தப் பக்கம்தான் கிடக்கு. அம்மா இந்தப் பக்கம்." பொத்தானைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள். "நிஜத்துல பாறை தேய எத்தனையோ வருஷம் ஆகும். நமக்கு ரெண்டு நிமிஷம் போதும்."

தண்ணீரை ஊற்றினாள். ரொட்டி ஊறிக் கரைந்தது. பிஸ்கட் முறிந்து விழுந்தது. பொத்தான் மேல் ஒரு தூள்கூடப் படவில்லை.

சுண்டு குனிந்து உற்றுப் பார்த்தான். "ஒரு தூள் கிட்ட வந்துடுச்சு," என்றான்.

"சரி, அதை அம்மாகிட்டயே சொல்லு."

சுண்டு கூடையிலிருந்து எடுத்த பூட்ஸைக் கட்டிப்பிடித்தபடி அம்மா முன்னால் போய் நின்றான். "அம்மா, கயித்தை இன்னும் ரெண்டு அடி தள்ளிக் கட்டுவீங்களா?"

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். குருவி கொண்டுவந்த தட்டில் ஊறிப்போன ரொட்டியையும் பொத்தானையும் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அன்று பூங்காவுக்கு வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வழக்கத்தைவிட இரண்டடி தள்ளி நின்றுதான் அருவியைப் பார்த்தார்கள்.