தற்போதைய முகவரி

காலை ஏழரை. செல்போன் அலறியது!

டை முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வெளியுறவுத் துணைச் செயலாளன் எடுத்தான். மறுமுனையில் அவன் மனைவியின் அண்ணன்... கொலைப் பிரிவு இன்ஸ்பெக்டர்.

"மாப்ளே, ஒரு பிணம்."

"மச்சான்! இன்னைக்கு எங்களுக்கு விருந்தாளி வர்ற நாள். பிணத்தை நீங்களே பார்த்துக்கோங்களேன்..."

"பார்த்தாச்சு. தலையணையை வச்சு அமுக்கியிருக்கான். செத்தவர் கார்ட்டூன் போடுறவர். பக்கத்து நாட்டுலேர்ந்து தப்பி வந்து, மூணாவது மாடியில வேற பேர்ல குடியிருந்தார். கையில ஒரு தாள் கிழிசல்... உங்க அமைச்சகத்து முத்திரை!"

டை நழுவியது.

அந்தப் பக்கத்து நாட்டை இருபத்திரண்டு வருஷமாக ஆளும் தளபதிதான் இன்றைய விருந்தாளி. தன்னைக் கேலி செய்து படம் போட்டவர்களை உள்ளே தள்ளி, சாவியைத் தொலைத்துவிடுகிற மனுஷர். பதினோரு மணிக்கு எரிவாயு ஒப்பந்தம்.

அதற்காக இந்த அரசுக்கு மனசாட்சி இல்லையா என்ன? ஒவ்வொரு சந்திப்பிலும், 'இவர்களைத் தொல்லை செய்யாதீர்கள்' என்று ஒரு பட்டியல் கொடுக்கும். நேரில் நீட்டினால் விருந்தாளி முகம் வாடிவிடுமே... அதனால் முந்தின நாளே அவர் தூதரகத்துக்கு அனுப்பிவிடும். என்ன ஒரு நாசூக்கு!

பட்டியல் போட்டவன் நம் துணைச் செயலாளன். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. 'அங்க அடையாளம்' எழுத, மனைவியை எழுப்பி முதுகில் மச்சம் தேடச் சொன்ன ஆசாமி!

"மச்சான்... அந்தப் பட்டியல்ல 'தற்போதைய முகவரி'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நிரப்பிட்டேன்."

"அட மகராசா!"

"ரெண்டாவது பேரு அவர் சம்சாரம். பெரியாஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. அதையும் எழுதிட்டேன்... ஷிஃப்ட் நேரத்தோட!"

ஜீப் அவனையும் அள்ளிக்கொண்டு பறந்தது.

சலவைக்கூடம் முழுக்க நீராவி. அவள் முதுகைக் காட்டி நின்று தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்தது இன்னும் தெரியாது.

அவளுக்கு நாலடி பின்னால்... கோட்டு போட்ட ஒருவன். முறுக்கிய படுக்கை விரிப்பு இரண்டு கையிலும்!

"டேய்!"

இன்ஸ்பெக்டர் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். அவன் அலட்டிக்கொள்ளாமல் பாக்கெட்டிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

தூதரகப் பாஸ்போர்ட். சட்டப்படி இவனைத் தொடக் கூடாது!

பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தார். அவன் கசங்கிய கோட்டை நீவிவிட்டபடி வெளியேறினான்.

அவளிடம் இன்ஸ்பெக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. கையிலிருந்த உறையை மட்டும் மறுபடி மறுபடி மடித்தாள்.

துணைச் செயலாளன் செயலாளர் அம்மாவை அழைத்தான். ஸ்பீக்கரில்.

"மேடம், ஒரு கொலை நடந்துபோச்சு! என் தப்பு மேடம்... முகவரி எழுதியிருக்கக் கூடாது. சந்திப்பை நிறுத்துங்க!"

"உன் தப்பா? பழைய படிவத்துல அந்தக் கட்டமே கிடையாதேப்பா. அவங்க தூதரகம் கேட்டுச்சு, போன மாசம் நான்தான் சேர்த்தேன். நிரப்ப சரியான ஆளா பார்த்து உன்கிட்ட குடுத்தேன். பத்தரைக்கு வந்துடு. உனக்கு மூணாவது வரிசையில நாற்காலி!"

போன் செத்தது.

அவள் நிமிர்ந்தாள். "போன வாரம் எங்க வீட்டுக்கு வந்து, 'இங்க பயமே இல்லம்மா'ன்னு சொன்னது நீங்கதானே? அவர் உங்களுக்குன்னு கீழே ஓடிப்போய் பிஸ்கட் வாங்கிட்டு வந்தாரே..."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தான். அதுவும் முறைப்பது போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் அவளை ஜீப்பில் ஏற்றினார். இவன் பின்னாலேயே ஓடினான்.

"மச்சான்! எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார்.

"ஊருக்கே சொல்லுவேன் மாப்ளே, உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். பின்கோடோட எழுதிக் குடுத்துடுவீங்க!"