மிட்டாதார் வீட்டு முதல் பதிப்பு

அலறல் கேட்டபோது காலை மணி எட்டு.

மாரண்டஹள்ளி மிட்டாதார் பச்சியப்பனின் மாடி அறையிலிருந்து வந்தது அது. தொழுவத்தில் காளைகள் தலை தூக்கின. குமாஸ்தா முனிராஜ் வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கினான்.

ஓடினான். படியேறினான். கதவைத் தள்ளினான்.

கண்ணாடி அலமாரி திறந்து கிடந்தது. இருநூற்றுச் சொச்சம் இங்கிலீஷ் புத்தகங்கள் போலீஸ் அணிவகுப்பு போல நின்றன. நடுத்தட்டில், பட்டுத்துணி விரித்த இடத்தில்...

காலி!

"போச்சுடா முனிராஜு," மிட்டாதார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "முதல் பதிப்பு போச்சு."

அது 1938. ஜில்லாவில் மிட்டாதார்கள் என்ற சிறு ஜமீன்தார்களில் சிலர் குதிரை வளர்த்தார்கள். சிலர் வம்பு வளர்த்தார்கள். பச்சியப்பன் புத்தகம் வளர்த்தார். வெள்ளைக்காரன் அச்சடித்ததாக இருக்கவேண்டும், பழசாக இருக்கவேண்டும், பக்கத்து மிட்டாவில் இருக்கக்கூடாது... இதுதான் அவருடைய இலக்கிய ரசனை. 'ஐயாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வருமா?' என்று கேட்ட பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அடுத்த மாதமே பொம்மிடிக்கு மாற்றலாகிப் போனார்.

பெங்களூரிலிருந்து வில்மாட் துரை பத்து மணிக்கு வருகிறார். ஓய்வுபெற்ற ஜட்ஜ். பழைய புத்தகங்களில் புலி. அந்தப் புத்தகத்தைப் பார்க்கவே வருகிறார். பார்த்துவிட்டு கவர்னரிடம் ஒரு வார்த்தை போட்டால் மிட்டாதார் 'ராவ் பகதூர்' ஆகலாம்.

இன்றைக்குப் பார்த்தா காணாமல் போகவேண்டும்?

சப்-இன்ஸ்பெக்டர் மாயவன் சைக்கிளில் வந்து இறங்கினார். மீசையில் மெழுகு. பூட்ஸில் பாலிஷ். இரண்டுக்கும் நடுவில் அதிகாரம்.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே கிடையாது. செல்லிதான். தூசி தட்ட இந்த ரூமுக்குள்ள வர்றவ அவ ஒருத்திதான்."

மாயவனுக்கு அதற்கு மேல் துப்பறியத் தோன்றவில்லை. ஐந்தாவது நிமிஷம் செல்லியின் இரண்டு கைகளும் மாட்டுக்கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. முன்வாசலில், வெயிலில், ஊரே பார்க்க.

செல்லி வத்தல்மலைக்காரி. புருஷன் இல்லை. மகள் பாஞ்சாலிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். கெட்ட நேரத்தைப் பாருங்கள்... மாப்பிள்ளையின் அப்பா கரியன் அன்றைக்குத்தான் மலையிலிருந்து இறங்கி, சம்பந்திக்கு என்று ஒரு தேன் குடுவையோடு வாசல் கேட்டில் வந்து நின்றார்.

"கரியண்ணா, நான் எடுக்கல."

கரியன் கயிற்றைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"நீ எடுக்கலன்னு நீயே சொன்னா ஆச்சா? திருடி வூட்டுல பொண்ணு எடுத்தான்னு ஊரு என்னை ஒதுக்கி வச்சுரும். போலீஸ்காரரு என்ன சொல்றாரோ, அதக் கேட்டுட்டுத்தான் மலையேறுவேன்."

மாயவன் லத்தியைத் தரையில் தட்டினார்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"எடுத்திருந்தாத்தானுங்க ஒளிக்கறதுக்கு."

"வாய் நீளுது."

"கையத்தான் கட்டிப்புட்டீங்க. வாய்தானுங்க மிச்சம்."

மிட்டாதார் உறுமினார். "அது என்ன புத்தகம் தெரியுமா உனக்கு? முந்நூறு வருசத்துப் பழசு. ஒலகத்துலயே பதினோரு பிரதிதான் இருக்குது."

"அதெல்லாம் தெரியாதுங்க எசமான். அது நாறும்னு மட்டும் தெரியும்."

"என்ன?"

"போன அமாவாசைக்கு மறாநாளு அலமாரியத் தொறந்தேன். தோலு பொசுங்குன நாத்தம். காளைக்குச் சூடு போட்டாப்புடி. உங்ககிட்டகூடச் சொன்னேனுங்களே. சன்னலத் தொறந்து வையின்னீங்க."

மிட்டாதாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மாயவன் காக்கி போடுவதற்கு முன் மாடு மேய்த்த குடும்பம். அவர் மூக்கு விழித்துக்கொண்டது.

"உங்க சூட்டுக்கோல் எங்க இருக்குதுங்க?"

"தொழுவத்துல..." என்று ஆரம்பித்தார் மிட்டாதார்.

"இல்லீங்களே," என்றான் முனிராஜ். விசுவாசி. விசுவாசிகளுக்கு எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரிவதில்லை. "அமாவாசை அன்னிக்கு எசமான்தான் கோலையும் நெருப்புச் சட்டியையும் மாடிக்குக் கொண்டாரச் சொன்னாருங்க."

"துரையோட லெட்டர் எப்ப வந்துச்சு?"

"அதுக்கு மறாநாளுங்க. நான்தான் எசமானுக்கு வாசிச்சுக் காட்டினேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

முனிராஜ் தொண்டையைச் செருமினான். "தங்கள் பிரதியில் எவருடைய பெயரும் முத்திரையும் இல்லை என்று நம்புகிறேன். அரிய நூலின் மேல் அடையாளம் இடுகிறவன், பூமியில் உள்ள கழுதைகளில் எல்லாம்..."

"போதும்," என்றார் மிட்டாதார்.

மாயவன் அவரை மாடிக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சொல்லுங்க."

மிட்டாதார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறடி உடம்பு மூன்றடியாகச் சுருங்கியது.

"மந்தையில நல்ல காளைக்குத்தானே மொதல்ல சூடு போடுவோம். எவனும் ஓட்டிக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு. எங்க அப்பா, எங்க தாத்தா எல்லாரும் அப்புடித்தான். இருக்கறதுலயே ஒசத்தியான புத்தகம் இது. அதான்... அட்டையில 'ப' போட்டேன். மறுநாளே லெட்டர் வருது, அப்படிப் போட்டவன் கழுதைன்னு."

"புத்தகம்?"

"கேழ்வரகுக் குதிருக்குள்ள."

"அப்ப அந்தம்மா?"

மிட்டாதார் மாயவனின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஒரு வாரம் உள்ள இருக்கட்டும். துரை போனதும் நானே ஜாமீன்ல எடுத்துடறேன். துரை ஜட்ஜா இருந்தவரு. உங்க இன்ஸ்பெக்டர் பிரமோசனுக்கும் ஒரு வார்த்த சொல்லச் சொல்றேன்."

மாயவன் மறுத்தாரா?

ஒரு முழு நிமிஷம் மறுக்கவில்லை! நட்சத்திரம் ஒன்று தோளில் கூடுவதைக் கற்பனை செய்து பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

ஜன்னல் வழியே கீழே பார்த்தார். கரியன் தேன் குடுவையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். செல்லி அந்தக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மாயவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்தக் குதிர்?" என்றார்.

வாசலில் கார் ஹாரன்.

வில்மாட் துரை இறங்கினார். தலையில் தொப்பி, கையில் பிரம்பு, கக்கத்தில் ஒரு வெல்வெட் பை. திருட்டு நடந்ததை முனிராஜ் ஓடிப்போய்ச் சொன்னான். துரை தமிழ் கற்றவர். பிரம்பின் நுனியால் செல்லியின் மோவாயைத் தூக்கினார்.

"இவள்தான் திருடியோ? முகத்திலேயே எழுதியிருக்கிறது."

பழைய எழுத்துகளைப் படிப்பதில் துரைக்கு அப்படி ஒரு தேர்ச்சி.

"தப்பா வாசிச்சுட்டீங்க துரை," என்று குரல் வந்தது. மாயவன். இடது கையில் புத்தகம், சட்டையெல்லாம் கேழ்வரகு. வலது கையால் செல்லியின் கயிற்றை அவிழ்த்தார். "புத்தகம் வூட்டை வுட்டே போகல."

துரை ஆவலோடு வாங்கினார். அட்டையைத் திருப்பினார்.

வெள்ளி ரூபாய் அகலத்துக்கு... கருகிய 'ப'!

துரை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முனிராஜ் தண்ணீர் கொண்டுவந்தான். மிட்டாதார் தூணுக்குப் பின்னால் நின்றார். தூண் போதவில்லை.

"முந்நூறு வருஷம்," என்றார் துரை, தழுதழுத்து. "இரண்டு யுத்தங்களையும் ஒரு பெருந்தீயையும் தப்பிவந்த நூல்..."

"முந்நூறு வருசமெல்லாம் இருக்காதுங்க," என்றாள் செல்லி, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தச் சூடு பட்ட எடத்தப் பாருங்க. சுருங்கியிருக்குது. மக்குன தோலு சுருங்காது, பொடியா உதுந்துரும். நாத்தமும் இப்புடி அடிக்காது. இது ஆட்டுத்தோலு. உரிச்சு அஞ்சாறு வருசம் இருந்தா அதிகம்."

துரை சிரித்தார். குழந்தைக்குப் பாடம் சொல்கிற சிரிப்பு.

"பெண்ணே, அட்டையை யாரும் மாற்றிக் கட்டலாம். காகிதம் பொய் சொல்லாது. இதோ பார்."

ஒரு தாளை விரித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

சிரிப்பு நின்றது.

நல்ல காகித ஆலைக்காரன் தன் பேரைத் தாளுக்குள்ளேயே போட்டுவிடுவான். மேலே தெரியாது. வெளிச்சத்தில் தூக்கினால்தான் தெரியும். இந்தத் தாளிலும் தெரிந்தது... ஆலையின் பேர். கீழே ஒரு வருஷம்.

முனிராஜ் எட்டிப் பார்த்து உரக்க வாசித்தான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொம்பது."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே எவனோ இதுக்குச் சூடு போட்டுட்டானுங்க," என்றார் மாயவன் மிட்டாதாரிடம்.

துரை அவசரமாக வெல்வெட் பையைத் திறந்தார். உள்ளே இருந்தது அவருடைய சொந்தப் பிரதி. ஒப்பிட்டுக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளக் கொண்டுவந்தது. வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று நான்கு வருஷமாக வெயிலையே காட்டாமல் வைத்திருந்தது.

காட்டினார்.

அதே ஆலை. அதே வருஷம்.

"எங்கு வாங்கினீர்?" துரையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மெட்ராஸ்ல. தங்கப்பல் கட்டின ஒரு புரோக்கர்."

"மேல்வரிசையிலா?"

"மேல்வரிசைதானுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மாயவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "புகார் எழுதித் தாங்க ரெண்டு பேரும். அவனை ஒரே வாரத்துல புடிச்சுரலாம்."

"வேண்டாம்," என்றார் மிட்டாதார்.

"கூடவே கூடாது," என்றார் துரை. "இது இந்த வாசலோடு போகட்டும். பெங்களூர் கிளப்பில் தெரிந்தால் நான் பிறகு..." முடிக்கவில்லை. காது மடல் வரை சிவந்திருந்தது.

மிட்டாதார் தூணை விட்டு வெளியே வந்தார். "செரி, செல்லி. நீ போயி வேலையப் பாரு."

செல்லி நகரவில்லை.

"இந்த வாசலோட போகட்டும்னு சொல்றீங்க. என்னைத் திருடின்னது மட்டும் கரியண்ணனோட மலைக்குப் போவுமுங்களே. என்னைக் கட்டிப்போட்ட எடத்துலயே நின்னு சொல்லுங்க. அவரு காது கேக்கச் சொல்லுங்க."

கரியன் குடுவையோடு கேட்டில் நின்றார். போகவும் இல்லை, வரவும் இல்லை.

மிட்டாதார் அந்த இடத்தில் வந்து நின்றார். இந்த வீட்டு வாசலில் இவர் பரம்பரையில் எவரும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

"சாரி," என்றார்.

செல்லி முனிராஜைப் பார்த்தாள். "என்னங்க சொல்றாரு?"

"இங்கிலீஷ்ல மன்னிப்புக் கேக்கறாரு."

"என்னைத் தமிழ்லதானுங்களே திருடின்னாரு."

தொழுவத்தில் ஒரு காளை கத்தியது.

"நீ எடுக்கல," என்றார் மிட்டாதார், தரையிடம். "நான்தான் ஒளிச்சு வச்சேன். உன் மேல பழி போட்டேன். தப்புத்தான்."

கரியன் குடுவையைத் தோளிலிருந்து இறக்கினார்.

செல்லி திரும்பித் துரையைப் பார்த்தாள். பிரம்பையும் பார்த்தாள். துரை பிரம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தொப்பியைக் கழற்றினார்.

"முகத்தில் எழுதியிருக்கிறது என்றேன். எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் தவறாகப் படித்தேன்."

"செரிங்க," என்றாள் செல்லி.

கரியன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தேன் குடுவையை அவள் கையில் கொடுத்தார். "வெள்ளிக்கெழம விடியறதுக்குள்ள வந்துரு தாயி. சமையலுக்கு ஆளு பத்தாது."

கேஸ் முடிந்தது. குற்றவாளி கிடைத்தாயிற்று. திருட்டே இல்லை என்று நிரூபித்தாயிற்று. ஒரு கல்யாணத்தையும் காப்பாற்றியாயிற்று. மாயவன் மீசையை ஒருமுறை முறுக்கிக்கொண்டு, மாட்டுக்கயிற்றைச் சுருட்டித் தொழுவத்துப் பக்கம் எறிந்துவிட்டு, சத்தமில்லாமல் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். ஒரு காலைப் பெடலில் வைத்தார்.

"ஐயா," என்றாள் செல்லி பின்னாலிருந்து. "வரிசையில அடுத்தது நீங்கதானுங்க."